ஓர் உடைந்த மணியும் நான்கு அணுகுமுறைகளும்: பண்பாட்டுப் பொருளைப் பற்றிய கட்டுரைக்கு எதைத் தேர்வது?

‘ஒரு பண்பாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்து ஆய்ந்து எழுதுக.’ கலை வரலாறு, மானிடவியல், வரலாறு, ஊடகவியல் என்று எந்தத் துறைக்குப் போனாலும் இந்த வினா ஒருமுறையாவது எதிர்ப்படும். பொருளைத் தேர்வதில் மாணவர்கள் அவ்வளவாகத் திணறுவதில்லை. ஒரு சிலையோ நாணயமோ விளம்பரமோ எப்படியும் அகப்பட்டுவிடும். திணறல் அதற்குப் பிறகு வருகிறது. அதன் உருவத்தைப் பற்றி எழுதுவதா? அது எதைக் குறிக்கிறது என்று எழுதுவதா? கைமாறிக் கைமாறி வந்த கதையை எழுதுவதா? அதை இன்று வைத்திருப்பவர்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்பதா? நான்குக்கும் தலைக்கு ஒரு பத்தி என்று பாகப் பிரிவினை செய்துவிடுவது பலரும் எடுக்கும் முடிவு. அப்படி எழுதிய கட்டுரையில் தகவல் இருக்கும், உழைப்பும் தெரியும், ஆனால் வாதம் இருக்காது. இரண்டாவது பக்கத்திலேயே படிப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஆகவே தேர்ந்தாக வேண்டும். எதைத் தேர்வது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. கோட்பாட்டை முதலில் முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்; நான் அதற்கு எதிர்க்கட்சி. பொருள் எந்த வகைச் சான்றை விட்டுவைத்திருக்கிறதோ, அந்தச் சான்றோடு பேசத் தெரிந்த அணுகுமுறைதான் அதற்குப் பொருந்தும் என்பது என் கட்சி. இதைச் சோதித்துப் பார்க்க ஒரே பொருளை நான்கு அணுகுமுறைகளிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

பொருள் இதுதான். 1836 வாக்கில், நியூசிலாந்தின் வடபகுதியில் உள்ள வாங்கரேக்கு அருகே, வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்து வந்தார்கள். அது பாத்திரமாகப் பிறந்ததல்ல. விளிம்பு உடைந்துபோய் மேற்பகுதி மட்டும் எஞ்சிய ஒரு மணி. ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதைச் சுற்றிலும் எழுத்துகள் இருந்தன. அவை தமிழ் என்று பின்னால் அடையாளம் காணப்பட்டது. முகைதீன் பக்ஸின் கப்பல் மணி என்பது அந்த வாசகத்தின் சாரம். எழுத்துகளில் சில இன்றைய வழக்கில் இல்லாத பழைய வடிவம் கொண்டவை. மணி பல தலைமுறைகளாகத் தங்களிடம் இருக்கிறது என்றும், பெருங்காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றும் மாவோரிகள் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கொலென்சோ 1899இல் இறந்த பிறகு அவருடைய உயில்படி அது வெலிங்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான டெ பாபாவில் ‘தமிழ் மணி’ என்ற பெயரில் இருக்கிறது. அது எப்படி அவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஊகங்கள் பல உண்டு. ஆவணம் ஒன்றும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சான்று நிறைந்த பொருளில் எந்த அணுகுமுறையும் ஓரளவு ஒப்பேறிவிடும். சான்று மெலிந்த பொருளில்தான் அணுகுமுறைகளின் சாயம் வெளுக்கும்.

உருவத்திலிருந்து தொடங்குவது

அமெரிக்கக் கலை வரலாற்று அறிஞர் ஜூல்ஸ் பிரௌன் 1982இல் முன்வைத்த முறை இன்றும் பல வகுப்பறைகளில் புழங்குகிறது. முதலில் வர்ணனை, அடுத்து பொருளோடு பழகுவதாகக் கற்பனை செய்து பெறும் உய்த்துணர்வு, கடைசியில்தான் ஊகம். வரிசையை மாற்றக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். பொருளைப் பற்றி வெளியே படித்தது எதுவும் முதல் இரண்டு படிகளுக்குள் நுழையக் கூடாது.

மணியை இப்படிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? மணி வாய் கீழ்நோக்கித் தொங்குவது. பாத்திரம் வாய் மேல்நோக்கி இருப்பது. மணியில் தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். திருப்பினால் எழுத்துகளும் தலைகீழாகிவிடும். ஆக, அடுப்பில் இருந்த காலம் முழுவதும் அந்தத் தமிழ் வாசகம் தலைகீழாகவே இருந்திருக்க வேண்டும். நூலகத்துக்குப் போகாமல், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் எட்டக்கூடிய முடிவு இது. மணியின் இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றையொன்று கவிழ்த்துப் போட்டவை என்று இதிலிருந்து ஒரு வாதம் தொடங்கலாம்.

அடுத்தடுத்துக் கேள்விகள் முளைக்கும். உடைந்த விளிம்பு கூராக இருக்கிறதா, கைபட்டுத் தேய்ந்து மழுங்கியிருக்கிறதா? மழுங்கியிருந்தால் உடைந்த பிறகு நெடுநாள் புழங்கியிருக்கிறது. எழுத்துகள் வார்ப்பிலேயே அமைந்தவையா, பிறகு வெட்டப்பட்டவையா? வார்ப்பிலேயே அமைந்தவை என்றால் அந்தக் கப்பலுக்கென்றே செய்யச் சொல்லி வாங்கிய மணி. பிறகு வெட்டியவை என்றால் ஆயத்தமாகக் கிடைத்த மணியில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். இரண்டும் வெவ்வேறு வணிகச் சூழல்களைக் காட்டும். தொங்கவிடும் பகுதியில் தேய்மானம் எப்படி, உள்சுவரில் நாக்கு மோதிய தடம் உண்டா, வெளிச்சுவரில் நெருப்பின் தடம் உண்டா?

இந்த அணுகுமுறையின் பலமும் பலவீனமும் இங்கேயே தெரிந்துவிடுகின்றன. இந்தக் கேள்விகளில் பாதிக்கு, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்தான் விடை சொல்ல முடியும். இணையத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று படங்களில் உட்புறம் தெரியாது. அருங்காட்சியகத்துக்குப் போனாலும் கண்ணாடிப் பேழைக்கு வெளியேதான் நிற்க முடியும். பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், குறிப்பாக வீட்டிலோ கல்லூரிச் சேகரிப்பிலோ இருக்கும் பொருளானால், இதைவிட நேர்மையான வழி இல்லை. இல்லாவிட்டால் வர்ணனை என்ற பெயரில் அருங்காட்சியக விளக்க அட்டையை வேறு சொற்களில் எழுதிக்கொடுக்கும் நிலைமை வரும். வர்ணனை நன்றாக வந்துவிட்டால் இன்னோர் ஆபத்து: எழுதியவருக்கு அதை விட்டு நகர மனம் வராது. 1,500 சொல் கட்டுரையில் 900 சொல் வர்ணனையாகிப்போன கட்டுரைகள் நிறைய உண்டு. ஒவ்வொரு வர்ணனை வாக்கியத்துக்கும் அடுத்து ‘ஆகவே’ என்று போட்டுப் பாருங்கள். அதற்குப் பின் எழுத ஒன்றும் இல்லாத வாக்கியத்தை வெட்டிவிடலாம்.

குறியீட்டு வாசிப்பு

ஒரு பொருள் எதைக் குறிக்கிறது என்று படிக்கும் இந்த முறைக்குக் கலை வரலாற்று அறிஞர் எர்வின் பனோவ்ஸ்கி சொல்லும் எடுத்துக்காட்டு எளிமையானது. தெருவில் எதிரே வருகிறவர் தொப்பியைத் தூக்குகிறார். கண்ணுக்குத் தெரிவது ஓர் அசைவு. அது வணக்கம் என்று புரிவது அந்தப் பண்பாட்டின் மரபு தெரிந்தவருக்கு மட்டும். ஆயுதம் தரித்தவர்கள் பகை இல்லை என்று காட்டத் தலைக்கவசத்தைக் கழற்றிய இடைக்கால வழக்கத்தின் எச்சம் அது என்பது இன்னும் ஆழத்தில் கிடைப்பது. உருவமும் கதையும் மரபும் செறிந்த பொருள்களுக்கு இது பொன்னான முறை. ஆடவல்லான் (நடராசர்) செப்புத் திருமேனியை எடுத்துக்கொண்டால் துடி, நெருப்பு, ஊன்றிய கால், தூக்கிய திருவடி, காலடியில் முயலகன் என்று ஒவ்வொன்றும் வாசிக்கக் காத்திருக்கும்.

காத்திருப்பதாலேயே அங்கே ஒரு பொறியும் இருக்கிறது. துடி படைப்பு, அமைத்த கை காத்தல், நெருப்பு அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல் என்ற விளக்கம் இன்று பாடநூல்வரை வந்துவிட்டது. அதற்குத் தெளிவான ஆதாரமாக எடுத்துக்காட்டப்படும் உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூல். ஆடவல்லான் செப்புத் திருமேனிகளோ 10ஆம் நூற்றாண்டிலேயே சோழ நாட்டில் வார்க்கப்பட்டுவிட்டன. பிந்தைய நூலின் பொருளை முந்தைய திருமேனியின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்லலாமா என்ற கேள்வியை எழுப்பாமல் எழுதும் கட்டுரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அரைக்கிணறுதான் தாண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டால் அதுவே நல்ல கட்டுரைக்குப் போதும்.

மணிக்கு வருவோம். அதில் உருவம் இல்லை, கதை இல்லை. பெயர் இருக்கிறது. முகைதீன் என்ற பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே பரவலானது. சோழமண்டலக் கடற்கரையின் மரைக்காயர் கப்பல் உரிமையாளர்கள் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களோடு வணிகம் செய்தவர்கள். இது சூழலைப் பற்றிய நல்ல தகவல். குறியீட்டு வாசிப்பு ஆகாது. மணியோசை என்றால் விழிப்பு, அழைப்பு, இறைமை என்று எழுதத் தொடங்கினால் உலகத்தில் உள்ள எந்த மணிக்கும் பொருந்துகிற கட்டுரை கிடைக்கும். இந்தப் பொருளுக்கு இந்த வழி வேண்டாம்.

குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலைப் பிடித்தவர்கள் பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த்தை நினைவூட்டக்கூடும். பிரெஞ்சு இதழ் ஒன்றின் அட்டையில் கறுப்பின இளைஞர் ஒருவர் ராணுவ உடையில் வணக்கம் வைக்கும் படத்திலிருந்து ஒரு பேரரசின் சுயபெருமையை அவர் வெளியே இழுத்துக் காட்டினார். உண்மைதான். ஆனால் அது இலட்சக்கணக்கானவர்களின் கண்ணில் படுவதற்காகவே செய்யப்பட்ட படம். விளம்பரம், சுவரொட்டி, இதழ் அட்டை, அஞ்சல்தலை போன்றவற்றுக்கு அந்த முறை கச்சிதமாகப் பொருந்தும். பார்வைக்கென்று செய்யப்படாத புழங்குபொருளை அதில் திணிக்கும்போது மூச்சு முட்டுகிறது.

பொருளின் வாழ்க்கை வரலாறு

மனிதருக்கு எழுதுவது போலப் பொருளுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதலாம் என்று 1986இல் மானிடவியலாளர் இகோர் கோபிடாஃப் வாதிட்டார். அவர் தந்த எடுத்துக்காட்டு மறக்க முடியாதது. அன்றைய சயீரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) வாழ்ந்த சுக்கு மக்களின் குடிசைக்கு ஆயுள் சுமார் பத்தாண்டு. முதலில் அது குடும்பம் வாழும் வீடு. பழசாகப் பழசாக விருந்தினர் தங்கும் இடமாகவும் சமையல் கொட்டகையாகவும் மாறும். பிறகு ஆட்டுக்கோ கோழிக்கோ கொட்டில். கடைசியில் கறையான் அரித்துச் சரியும். ஒவ்வொரு வயதிலும் குடிசைக்கு என்று ஒரு தகுதியான வேலை இருக்கிறது. தகுதிக்கு மீறிய வேலையில் ஒரு குடிசையைப் பார்த்தால், அதாவது சமையல் கொட்டகையாக இருக்க வேண்டிய குடிசையில் விருந்தினரைத் தங்கவைத்தால், அந்த விருந்தினருக்கு உள்ள மதிப்பு தெரிந்துவிடும். இதில் கோபிடாஃபின் கூர்மை கடைசிப் பகுதியில் இருக்கிறது. பொருளின் கதையைச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. கதை எங்கே எதிர்பார்ப்பை மீறுகிறது என்று பார்க்கிறார்.

நம் மணி எதிர்பார்ப்பை மீறுவதற்கென்றே பிறந்தது போல இருக்கிறது. கப்பலில் ஒலித்தது, அடுப்பில் கொதித்தது, இன்று பேழைக்குள் சும்மா இருக்கிறது. இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால் கதை. வாதமாக்க வேண்டுமானால் ஒவ்வொரு வயதிலும் அதற்கு மதிப்பைத் தந்தது எது என்று கேட்க வேண்டும். நடுக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியர் வருவதற்கு முன் மாவோரிகளிடம் உலோகமும் இல்லை, மட்பாண்டமும் இல்லை. சூடான கற்களைக் குழியில் இட்டு, மண்ணடுப்பில் சமைத்தார்கள். அப்படிப்பட்ட அடுக்களையில், நெருப்பில் நேரே வைத்துத் தண்ணீர் கொதிக்கவிடக்கூடிய ஒரு வெண்கலக் கலம் சாதாரணப் பண்டமாக இருந்திருக்காது. ‘புனிதமான வரலாற்றுச் சின்னத்தில் கிழங்கு வேகவைத்தார்கள்’ என்று பரிதாபப்படும் தொனியில் எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அங்கே மணி தாழ்ந்துபோகவில்லை. அதன் எழுத்து செத்திருந்தது, உலோகம் உயிரோடு இருந்தது.

உருளைக்கிழங்கு இன்னொன்றையும் சொல்கிறது. நியூசிலாந்துக்கு அந்தக் கிழங்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் வழியாக வந்தது. ஆகவே கொலென்சோ கண்ட காட்சி, அதாவது மணியில் உருளைக்கிழங்கு வேகும் காட்சி, அதற்கு முன்னால் தொடங்கியிருக்க முடியாது. மணி அந்த மண்ணுக்கு எப்போது வந்தது என்பதற்கு இது விடை ஆகாது. கிழங்குக்கு முன்பே வேறெதற்கோ பயன்பட்டிருக்கலாம், மரத்தடியிலேயே கிடந்திருக்கலாம். ஆனால் வார்க்கப்பட்ட காலம், வந்து சேர்ந்த காலம், பாத்திரமான காலம் என்று மூன்று தனித்தனிக் காலங்கள் உண்டு என்பதை மாணவர் இந்த இடத்தில் உணர்ந்துவிட்டால் கட்டுரை பிழைத்தது. பழைய எழுத்து வடிவங்களை வைத்து மணிக்கு ஐந்நூறு வயது என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுத்து வடிவம் வார்ப்புக் காலத்தைப் பற்றி மட்டும் ஏதாவது சொல்லும். ஐந்நூறு ஆண்டுக்கு முன் தமிழ்க் கப்பல் நியூசிலாந்து போனது என்ற முடிவுக்கு அங்கிருந்து தாவுவது, மூன்று காலங்களையும் ஒன்றாகக் குழப்பியதால் வந்த வினை. பழைய மணி புதிய கப்பலில் ஏறலாம். கப்பல் பல கை மாறலாம். மணி மட்டும் கழன்று வேறொருவர் கப்பலில் போயிருக்கலாம்.

இந்த அணுகுமுறையின் பலவீனம் இடைவெளிகள். வாழ்க்கை வரலாறு என்று தலைப்பிட்டுவிட்டால் பிறப்பு முதல் இன்றுவரை தொடர்ச்சியாகச் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி எழுதுகிறவருக்கு வந்துவிடுகிறது. தெரியாத இடத்தைப் ‘பெரும்பாலும்’, ‘ஒருவேளை’ என்று பூசி மெழுகத் தோன்றும். எகிப்தின் பழைய எழுத்தைப் படிக்க உதவிய கல்வெட்டான ரொசெட்டாக் கல்லுக்கு அந்தச் சங்கடம் குறைவு. அது 1799இல் கிடைத்தது. 1801இல் பிரித்தானியப் படை எகிப்தில் கைப்பற்றியது என்றும், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அளித்தது என்றும் அதன் பக்கவாட்டிலேயே ஆங்கிலத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். கல்லே தன் பிற்கால வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. மணியிடம் அப்படி எதுவும் இல்லை. அதனால் மணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர், இடைவெளியை மறைக்காமல், தனக்குத் தெரிந்த கணங்களை மட்டும் தீவுகளாக நிறுத்தி எழுதப் பழக வேண்டும்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்பது

யார் கண்டெடுத்தார், யார் பெயரிட்டார், யாருடைய பேச்சு பதிவானது, யாருடையது பதிவாகவில்லை? காலனியச் சேகரிப்புகள் தொடர்பான கட்டுரைகளில் இன்று அதிகம் விரும்பப்படும் வழி இது. மணியிலும் பிடிமானம் உண்டு. கொலென்சோவின் பெயர் எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. அதில் சமைத்த பெண்களின் பெயர் எங்கும் இல்லை. மாவோரிகள் சொன்னதும் கொலென்சோ வழியாகத்தான் நம்மை வந்து சேர்கிறது. ‘தமிழ் மணி’ என்ற பெயர் அதை வார்த்தவர்களின் பக்கம் நிற்கிறது. தலைமுறைகளாக வைத்திருந்தவர்கள் அந்தப் பெயரில் இல்லை. தமிழர்களாகிய நமக்கு இந்தப் பெயரில் ஒரு பெருமிதம் இருப்பதால் இதைக் கவனிக்காமல் போகிறோம் என்றுகூடச் சொல்வேன். மணியைப் பற்றித் தமிழில் புழங்கும் பெரும்பாலான பேச்சு ‘தமிழன் அங்கேயும் போனான்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. மாவோரிகள் அந்தக் கதையில் மணியை நமக்காகப் பத்திரப்படுத்தித் தந்தவர்களாக மட்டும் வந்துபோகிறார்கள்.

இதெல்லாம் சொல்லத்தக்கதுதான். ஆனால் 1,500 சொல்லுக்கு இது மட்டும் தாங்குமா? தாங்காது என்பது என் கணிப்பு. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவது இந்த வழியின் சாபக்கேடு. காலனியச் சேகரிப்பாளர் அதிகாரம் உடையவர், அருங்காட்சியகம் நடுநிலையானது இல்லை என்பதை நிறுவ இந்த மணி தேவையில்லை. வேறு எந்தப் பொருளை வைத்தும் அதே கட்டுரையை எழுதிவிடலாம். பொருளை மாற்றினாலும் கட்டுரை மாறவில்லை என்றால் அது பொருளைப் பற்றிய கட்டுரை ஆகாது.

ஆவணம் மலிந்த வழக்குகளில் கதை வேறு. பத்தூர் நடராசர் சிலை 1976இல் தஞ்சைப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, திருட்டுத்தனமாக லண்டன் போய், 1982இல் ஒரு கனடிய நிறுவனத்திடம் விற்கப்பட்டது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் வழக்காகி, மேல்முறையீட்டிலும் இந்தியத் தரப்பு வென்று, 1991இல் திரும்பியது. கோயிலே ஒரு வழக்காடியாக ஏற்கப்பட்ட வழக்கு அது. அதில் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, நிபுணர் சாட்சியம் இருக்கிறது, உரிமை என்றால் என்ன என்பதைப் பற்றி இரண்டு சட்ட மரபுகள் நேருக்கு நேர் மோதுகின்றன. அதிகாரம், உரிமை என்று எழுத விரும்புகிறவர் அந்தப் பொருளை எடுத்தால் முழுப் பக்கங்களும் நிறையும். மணியை எடுத்தால் மூன்றாவது பத்தியில் சரக்கு தீர்ந்துவிடும்.

மையவாதத்தை எழுதிப் பார்ப்பது

நான்கில் எது என்று இன்னும் தயங்குகிறவருக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு அணுகுமுறைக்கும் மையவாதத்தை, அதாவது கட்டுரை நிறுவ முயலும் முதன்மைக் கருத்தை, ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.

உருவம்: மணியின் உடைந்த விளிம்பும் தலைகீழாகிப்போன எழுத்தும், ஒலிக்கும் கருவி ஒன்று கொள்கலமாக மாறிய மாற்றத்தைத் தம்மிலேயே பதிந்துவைத்திருக்கின்றன.

குறியீடு: மணி கடல்கடந்த தமிழ் அடையாளத்தின் குறியீடு.

வாழ்க்கை வரலாறு: ஒவ்வொரு கைமாற்றத்திலும் மணியின் வேறொரு பண்பு அதற்கு மதிப்பைத் தந்தது. கப்பலில் அதன் ஒலி, மாவோரி அடுக்களையில் அதன் உலோகம், அருங்காட்சியகத்தில் அதன் எழுத்து.

அதிகாரம்: ‘தமிழ் மணி’ என்ற பெயர் வார்த்தவர்களை முன்னிறுத்தி, வைத்திருந்தவர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

இரண்டாவதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க முடியாத வாக்கியத்துக்கு ஆதாரம் தேட வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் அது மையவாதம் ஆகாது. முதலாவது நல்ல வாக்கியம். ஆனால் பொருளை நேரில் பார்க்காதவரால் அதைக் கடைசிவரை இழுத்துச் செல்ல முடியாது. நான்காவது சரியானது, ஆனால் கிளை வாதம். இன்னொரு வாதத்தின் கடைசிப் பத்தியாக இருந்தால் சிறக்கும். மூன்றாவதை நான் எடுப்பேன். காரணம், அதன் மூன்று பகுதிகளையும் தனித்தனியாக நிறுவியாக வேண்டும், தனித்தனியாக மறுக்கவும் முடியும்.

நிறுவுவது எளிதும் இல்லை. ஐரோப்பியக் கப்பல்களில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மணியடித்துக் காவல் முறையைக் கணக்கிடுவது வழக்கம். அதே வழக்கத்தை ஒரு தமிழ் முஸ்லிம் வணிகரின் கப்பலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிச் சொல்லிவிடக் கூடாது. கப்பலில் ஒலிக்கத்தான் மணி என்பதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. மூன்றாவது பகுதிக்கு ஒரு சுவையான துணைச் சான்று கிடைக்கிறது. கொலென்சோ அச்சுத் தொழில் தெரிந்தவர். 1835இல் நியூசிலாந்தில் மாவோரி மொழியில் நூல் அச்சிட்டவர், 1837இல் மாவோரிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர். நாளெல்லாம் எழுத்துக் கோத்த ஒருவரின் கையில், அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து பொறித்த ஒரு பொருள் வந்து சேர்கிறது. உலோகமாக இருந்தது மறுபடியும் எழுத்தாக மாறத் தொடங்குவது அங்கேதான் என்று வாதிட இடமிருக்கிறது. ‘இருக்கிறது’ என்றுதான் எழுத வேண்டும். அவர் மனத்தில் ஓடியதை நாம் அறிந்தது போல எழுதக் கூடாது.

இரண்டைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒன்று முதலாளியாகவும் மற்றது வேலையாளாகவும் இருந்தால். வாழ்க்கை வரலாறு முதன்மை என்று முடிவாகிவிட்டால், தலைகீழ் எழுத்து என்ற உருவக் கவனிப்பு அடுக்களைப் பத்திக்குள் போய் உட்காரும்; பெயரைப் பற்றிய அதிகாரக் கேள்வி அருங்காட்சியகப் பத்திக்குள் போகும். இரண்டுக்கும் தனித் தலைப்பு கூடாது. தனித் தலைப்பு கொடுத்த மறுநிமிடம் பழையபடி பாகப் பிரிவினை தொடங்கிவிடும்.

துறையையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. கலை வரலாற்றுத் துறையில் உருவத்தைத் தொடாத கட்டுரையைக் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை எதிர்பார்க்க முடியாது. ஊடகவியலில் வார்ப்பு முறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் வழிதவறியதாக நினைப்பார்கள். வினாத்தாளில் ‘சூழலில் வைத்து’ என்று இருந்தால் வாழ்க்கை வரலாறு. ‘நெருங்கிய வாசிப்பு’ என்று இருந்தால் உருவமோ குறியீடோ. வினாவை இரண்டுமுறை படிக்காமல் கோட்பாட்டை இரண்டு வாரம் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1,500 சொல் எல்லைக்குள் மணியை எழுதுவதாக இருந்தால் என் பங்கீடு இப்படி இருக்கும். பொருளை அறிமுகப்படுத்தி மையவாதத்தைச் சொல்ல 200. கப்பலுக்கு 250, அங்கே சான்று குறைவு, ஆகவே இடமும் குறைவு. அடுக்களைக்கு 550, ஏனென்றால் உருளைக்கிழங்கும் மண்ணடுப்பும் தலைகீழ் எழுத்தும் அங்கே கூடுகின்றன, வேறு யாரும் அதிகம் எழுதாத பகுதியும் அதுவே. கொலென்சோவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் 400. மிச்சம் 100 சொல்லில், மூன்று காலங்களையும் குழப்பும் ஐந்நூறு ஆண்டுக் கணக்கை ஏன் ஏற்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

மரம் சாய்ந்த கதையை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட வேண்டாம். அடுக்களைப் பத்தியின் தொடக்கத்திலேயே அது வர வேண்டும். மாவோரிகள் தரப்பு வாக்குமூலம் அது. ஆனால் கொலென்சோவின் வழியாக வந்தது. இந்த இரண்டு செய்தியையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.